முகவரி கிடைத்த பிறகு நான்கு மணி நேரம்

"நெட் போனா போகட்டும் தம்பி, ஆனா உள்ளுக்குள்ளேயே ஓடுற ஸ்கேனர் ஏன் நிக்கணும்?" என்று பட்டர்வொர்த் கிடங்கின் கணக்காளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்த எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அன்று மாலை இணைய இணைப்பு அறுந்திருந்தது உண்மைதான். ஆனால் மூட்டைகளின் பட்டைக்குறிகளைப் படிக்கும் ஒன்பது ஸ்கேனர்களும் இருப்புக் கணக்கை வைத்திருக்கும் கணினியும் ஒரே கூரையின் கீழ், ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில், ஒரே கம்பியில்லா வலையில்தான் இருக்கின்றன. இணையம் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக்கூடிய இயந்திரங்கள் அவை. இருந்தும், மாலை 4.30 முதல் 4.35 மணிக்குள் ஒவ்வொன்றாக எல்லாம் வாயடைத்துப் போயின. வாசலில் லாரி நிற்க, சீரக மூட்டைகளைப் பையன்கள் தாளில் எழுதி இறக்கினார்கள்.

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதில் தொலைவில் இருக்கும் ரூட்டரில் டிஎச்சிபியை, அதாவது வலைக்குள் வரும் இயந்திரங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் ஏற்பாட்டை, எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க விரும்புகிறேன். இதே வேலையைச் செய்யும் நம்மவர்கள் பலர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள். தமிழில் இதைப் பற்றிப் படிக்க அவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் மளிகைச் சரக்கை மொத்தமாக விற்கும் குடும்ப வியாபாரம். தலைமை அலுவலகம் கோலாலம்பூரின் செந்தூலில். கிடங்கு ஒன்று பட்டர்வொர்த்தில். கேஎல் சென்ட்ரலில் இருந்து இடிஎஸ் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் போய்ச் சேரலாம் என்றாலும், ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் நான் அங்கே போவதில்லை. அங்குள்ள ரூட்டர், விசிறியில்லாத சிறு கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஏற்றிச் செய்தது. அதற்கும் செந்தூலுக்கும் இடையே, இணையத்தின் ஊடாக இரு வலைகளையும் மறைகுறியாக்கி இணைக்கும் வயர்கார்ட் சுரங்கம் ஓடுகிறது. கிடங்கின் முகவரிகள் 10.20.8 என்று தொடங்கும். ரூட்டரின் முகவரி 10.20.8.1. முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வர் கிடங்கில் இல்லை. அது செந்தூலில் 10.20.1.5 என்ற முகவரியில் இருக்கிறது.

முகவரி வழங்கும் வேலையைக் கிடங்கு ரூட்டருக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இவ்வளவு சிறிய கிளைக்கு அதுதான் எளிய வழி; இன்று புதிதாகத் தொடங்கினால் நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் எந்த ஸ்கேனருக்கு எந்த முகவரி, எந்த லேபிள் பிரிண்டர் எங்கே என்ற பதிவேடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று முதலாளி விரும்பினார். தணிக்கைக் காலத்தில் அந்தப் பதிவேடு பலமுறை கைகொடுத்திருக்கிறது. அதனால் அதை மாற்றாமல், ஒழுங்காக நடத்துவது எப்படி என்றுதான் யோசித்தேன்.

தொலைவில் இருக்கும் சர்வரிடம் முகவரி வாங்குவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. புதிதாக வலைக்குள் வரும் இயந்திரத்துக்குத் தன் முகவரியும் தெரியாது, சர்வரின் முகவரியும் தெரியாது. ஆகவே 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கூவுகிறது. இந்தக் கூவல் அதன் தெருவைத் தாண்டாது. இப்படி எல்லாருக்குமாகக் கூவும் பிராட்காஸ்ட்டை ரூட்டர் அடுத்த வலைக்குக் கடத்துவதில்லை, ஐபி முகவரியைப் பார்த்தே கடத்தும் வயர்கார்ட் போன்ற மூன்றாம் அடுக்குச் சுரங்கத்திலும் அது நுழையாது. இதற்காகத்தான் ரிலே என்ற இடையாள் இருக்கிறது. ரூட்டரில் இருக்கும் ரிலே அந்தக் கூவலைக் கேட்டு, அந்தத் தரவுப் பொட்டலத்தில் (பாக்கெட்) ஜிஐ-அட்ரஸ் என்னும் நான்கு பைட் இடத்தில் தன் முகவரியை எழுதி, நேராகச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அந்த இடத்தைப் பார்த்துத்தான் "இது பட்டர்வொர்த் ஆள், 10.20.8 தொகுப்பில் இருந்து கொடுக்க வேண்டும்" என்று முடிவு செய்கிறது. 1985இல் வந்த பூட்பி நெறிமுறையில் இருந்தே இந்த ஏற்பாடு தொடர்கிறது. அதன் மேல் கட்டப்பட்ட டிஎச்சிபி 1993இல் முதலில் வரையறுக்கப்பட்டு, இன்று நாம் பின்பற்றும் வடிவத்தை 1997 மார்ச்சில், ஆர்எஃப்சி 2131 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வரின் பதில், பாக்கெட் எந்த முகவரியில் இருந்து வந்ததோ அங்கே போவதில்லை; ஜிஐ-அட்ரஸில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போகிறது. கிளையை முதலில் இணைத்தபோது, செந்தூல் பக்கத்து வயர்கார்ட் அமைப்பில் சுரங்கத்தின் முகவரியை மட்டும் அனுமதித்துவிட்டு, கிடங்கின் 10.20.8 வலையைச் சேர்க்க மறந்திருந்தேன். சர்வரின் பதிவில் முகவரி வழங்கியதாக வரி வரியாக இருக்கும். கிடங்கில் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது. போகும் வழியை மட்டும் சோதித்து, திரும்பும் வழியைச் சோதிக்காததன் விளைவு அது. அதைச் சரிசெய்த பிறகு, அக்காவிடம் சொல்லி மடிக்கணினி ஒன்றை ஸ்விட்சில் செருகச் சொன்னேன். 10.20.8.100 என்று முகவரி வந்தது. என் குறிப்பேட்டில் "டிஎச்சிபி சரி" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அந்தக் குறிப்பு உண்மையில் பாதிதான். முகவரி கிடைத்தது என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரிந்தது. கிடைத்த முகவரி நிலைக்கிறதா என்பதை நான் சோதிக்கவே இல்லை.

டிஎச்சிபி கொடுக்கும் முகவரி சொந்தமாகக் கொடுப்பதல்ல, குத்தகைக்குக் கொடுப்பது. காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். எங்கள் குத்தகை 8 மணி நேரம். நெறிமுறையின்படி, சர்வர் வேறு சொல்லாவிட்டால், குத்தகையின் பாதிக் காலத்தில், அதாவது 4 மணி நேரத்தில், இயந்திரம் தனக்கு முகவரி கொடுத்த அதே சர்வரிடம் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். பதில் இல்லையென்றால் கேட்டுக்கொண்டே இருந்து, 87.5 விழுக்காடு காலம் கழிந்ததும், அதாவது 7 மணி நேரத்தில், "எந்தச் சர்வராக இருந்தாலும் சரி, இந்த முகவரியை நீட்டிக் கொடுங்கள்" என்று மறுபடியும் பிராட்காஸ்ட்டில் கூவும். அதற்கும் பதில் வராமல் 8 மணி நேரம் முடிந்துவிட்டால், முகவரியை அந்தக் கணமே கைவிட வேண்டும். அதன்பின் உள்ளூர் கணினியோடுகூட அந்த முகவரியில் பேச முடியாது. அக்காவின் கேள்விக்கு மேலோட்டமான விடை இதுதான்: ஸ்கேனர்கள் நின்றதற்கு இணையம் போனது மட்டும் காரணமல்ல, குத்தகையும் முடிந்திருந்தது.

ஆனால் அந்த விடை கணக்கோடு ஒத்துப்போகவில்லை. காலை 8.30 மணிக்குச் சார்ஜ் தட்டில் இருந்து ஸ்கேனர்களை எடுத்துத் தட்டி எழுப்புகிறார்கள். 12.30 மணிக்கு அவை புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் இரவு 8.30 வரை குத்தகை இருந்திருக்கும். இணைப்பு அறுந்ததோ பிற்பகல் 3.20க்கு, திரும்பி வந்தது 5 மணியளவில். அந்த இடைவெளியில் யாருக்கும் எதுவும் ஆகியிருக்கக் கூடாது. ஆக, 12.30 மணிப் புதுப்பித்தல் நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று முடிவு செய்யும் செந்தூல் ஃபயர்வாலின் பதிவைத் திறந்தேன். கிடங்கின் 10.20.8.104 என்ற ஸ்கேனரில் இருந்து, டிஎச்சிபிக்கு உரிய வாசல் எண்களான 68ஆம் போர்ட்டில் புறப்பட்டு, சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கு வந்து மறுக்கப்பட்ட பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. நேரம் 4.30 என்று இருந்ததால் முதலில் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்தேன். விடியற்காலை நாலரைக்குக் கிடங்கில் யார் இருக்கப் போகிறார்கள்? சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் பெட்டி உலகப் பொது நேரத்தில் பதிவு எழுதுகிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருப்பது, 4.30 என்றால் நமக்குப் பகல் 12.30.

அடுத்தடுத்த வரிகளை நம் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதினேன். 12.30. பிறகு 2.00. பிறகு 2.45. பிறகு 3.07. பிறகு 3.18. இடைவெளி ஒன்றரை மணி நேரம், முக்கால் மணி, இருபத்திரண்டு நிமிடம், பதினோரு நிமிடம் என்று ஒவ்வொரு முறையும் பாதியாகிக்கொண்டே வந்தது. புதுப்பிக்கும் கட்டத்தில் பதில் கிடைக்காத இயந்திரம், அடுத்த கட்டத்துக்கு எஞ்சியிருக்கும் நேரத்தில் பாதியளவு காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2131 சொல்வதன் கைரேகை அது. இந்தப் பாதி பாதியாகும் இடைவெளியை ஒரு பதிவில் கண்டால், வேறெதையும் பார்க்காமலே "புதுப்பித்தல் தடைபடுகிறது" என்று சொல்லிவிடலாம். அவ்வளவு தெளிவான அடையாளம்.

காரணமும் அதே வரிகளில் இருந்தது. முதல் முறை முகவரி கேட்கும்போது பாக்கெட் ரிலே வழியாக, ரூட்டரின் சுரங்க முகவரியில் இருந்து சர்வருக்குப் போகிறது. புதுப்பிக்கும்போதோ இயந்திரத்துக்கு முகவரி இருக்கிறது, சர்வர் யார் என்றும் தெரியும். அதனால் இடையாளைக் கூப்பிடாமல் நேராகச் சர்வருக்கே, தன் சொந்த முகவரியில் இருந்து எழுதுகிறது. ஃபயர்வாலில் நான் எழுதியிருந்த விதி, டிஎச்சிபிக்கு அந்தச் சுரங்க முகவரி ஒன்றை மட்டும் அனுமதித்தது. ரிலேயை மட்டும் அனுமதித்தால் போதும், அதுவே பாதுகாப்பு என்று நினைத்து எழுதிய விதி அது. அதன்படி, எங்கள் கிடங்கின் ஒன்பது ஸ்கேனர்களும் இரண்டு பிரிண்டர்களும் நாள்தோறும் 12.30 மணிக்குக் கேட்டு, மறுக்கப்பட்டு, மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்து, 3.30க்குக் கூவலுக்கு மாறி, ரிலே வழியாகக் குத்தகையை நீட்டித்துக்கொண்டு வந்திருக்கின்றன. மாதக்கணக்கில் இது நடந்தும் யாருக்கும் தெரியவில்லை. நான்கு மணி நேரம் இருக்க வேண்டிய பாதுகாப்பு இடைவெளி ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் முழுக்க இணைப்பு இல்லாமல் போன முதல் நாளே எல்லாம் நின்றது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல டிஎச்சிபி மென்பொருள்கள், முகவரியில்லாத இயந்திரங்களோடு பேச வேண்டியிருப்பதால், ரா சாக்கெட் என்னும் குறுக்குவழியில் பாக்கெட்டுகளை இடைமுகத்தில் இருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸில் அவை அதே இயந்திரத்தின் ஃபயர்வால் விதிகளுக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடும். ஃபயர்வால் தனிப் பெட்டியாக இல்லாமல் சர்வரிலேயே இருந்திருந்தால், என் தவறான விதி ஒன்றையும் தடுத்திருக்காது, பிழையும் வெளிப்பட்டிருக்காது. ஓரிடத்தில் சரியாக வேலை செய்த விதியை இன்னோரிடத்துக்கு அப்படியே எடுத்துப் போவதில் உள்ள ஆபத்து இது.

விதியைத் திருத்துவது ஒரு வரி வேலை. ஆனால் திருத்திவிட்டு மீண்டும் "சரி" என்று குறிப்பேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை ஒரு குத்தகையை அதன் பிறப்பில் இருந்து முடிவு வரை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதுவும் அக்காவைக் கிடங்குக்கும் மேசைக்கும் ஓடவிடாமல், செந்தூலில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தொலைவில் இருந்து சோதிப்பவருக்கு முதல் கடமை, தான் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாமல் இருப்பது. ரூட்டரில் நேரடியாக ஒரு டிஎச்சிபி கிளையன்ட்டை, அதாவது முகவரி கேட்கும் நிரலை, ஓட்டினால், அது பெறும் பதிலில் வெளியே போகும் இயல்பு வழி, பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வர் எல்லாம் சேர்ந்து வரும்; கிளையன்ட் அவற்றை ரூட்டரின் மேலேயே எழுதிவிடும். அடுத்த நொடி சுரங்கம் போகும், அதன் வழியே நுழைந்திருக்கும் நம் இணைப்பும் போகும். அதன் பிறகு நான்கு மணி நேர ரயில் பயணம்தான். இதற்காகச் சிஸ்கோ நிறுவன ரூட்டர்களில், பத்து நிமிடத்தில் தானே மறுதொடக்கம் ஆகும்படி சொல்லிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். வேலை நன்றாக முடிந்தால் அதை ரத்து செய்வார்கள். ஜூனிப்பரில் உறுதி செய்யாத மாற்றம் இயல்பாகப் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. மைக்ரோடிக்கில் இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் திரும்பப் பெறும் பாதுகாப்பு நிலை உண்டு. என் டெபியன் பெட்டியில் இவை எதுவும் தயாராக இல்லாததால், பழைய அமைப்புக் கோப்புகளை மீட்டு வைத்து மறுதொடக்கம் செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதி, இருபது நிமிடத்துக்குப் பின் ஓடும்படி நேரம் குறித்துவிட்டு, பிறகுதான் கைவைத்தேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்த நேரத்தைத் தள்ளிவைத்தேன்.

அடுத்து, சோதனை இயந்திரத்தை ரூட்டருக்குள்ளேயே உருவாக்கினேன். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. ஒரே கணினிக்குள், தனக்கென்று இடைமுகங்களும் வழிகளும் உள்ள தனி அறை என்று அதைச் சொல்லலாம். அந்த அறைக்குள் இயல்பு வழி எப்படி மாறினாலும் வெளியே ரூட்டருக்கு ஒன்றும் ஆகாது. அறையை உருவாக்கி, கிடங்கு வலையின் பிரிட்ஜ் (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மேல் மேக்விலேன் என்னும் மெய்நிகர் இடைமுகம் ஒன்றை அமைத்து, அதை அறைக்குள் அனுப்பி, கிளையன்ட்டை ஓட்டினேன்.

பதில் இல்லை. பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டுக் காட்டும் டிசிபிடம்ப்பை பிரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்தால், கிளையன்ட்டின் கூவல் ஒழுங்காகத் தெரிகிறது. ரிலேயின் பதிவிலோ ஒரு வரிகூட இல்லை. கண்ணெதிரே பாக்கெட் போகிறது, காது உள்ளவனுக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரம் ரிலேயின் அமைப்பைப் புரட்டிய பிறகுதான் காரணம் நினைவுக்கு வந்தது. மேக்விலேன் இடைமுகம் தான் ஏறியிருக்கும் கணினியோடு பேசாது; அதன் பாக்கெட்டுகள் வெளியே கம்பிக்குப் போகுமே தவிர, அதே பெட்டியின் உள்ளே ஏறி வராது. வெளியேறும் பாக்கெட்டை டிசிபிடம்ப் காட்டுகிறது. அதே பெட்டியில் இருக்கும் ரிலேயிடம் அது ஒருபோதும் வருவதில்லை. தனியான கணினி ஒன்றில் இருந்து சோதிப்பவருக்கு மேக்விலேன் நன்றாகவே உதவும். ரூட்டருக்குள்ளிருந்தே ரூட்டரைச் சோதிப்பவருக்கு வீத் என்னும் இரட்டை இடைமுகம்தான் வழி: ஒரு முனையை அறைக்குள்ளும் மறுமுனையைப் பிரிட்ஜிலும் செருகினால், நிஜமான ஓர் இயந்திரம் ஸ்விட்சில் சேர்ந்தது போலவே ஆகிவிடுகிறது. அப்படிச் செய்ததும் முகவரி உடனே வந்தது.

சோதனை இடைமுகத்துக்கு 02 என்று தொடங்கும் ஒரு மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) நானே வைத்தேன். எந்த உற்பத்தியாளருக்கும் ஒதுக்கப்படாத, உள்ளூரில் வைத்துக்கொள்ளும் முகவரி என்பதற்கு அந்த 02 அடையாளம். ஒவ்வொரு முறையும் அதே முகவரியைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் முக்கியம். சோதனைக்குச் சோதனை மேக் மாறினால், சர்வர் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் என்று எண்ணிப் புதிய முகவரி கொடுத்துக்கொண்டே போகும். தொகுப்பு சிறியதாக இருந்தால் சோதனையே கிளையின் முகவரிகளைத் தின்று தீர்த்துவிடும். வலையைத் துழாவும் என்மேப் கருவியில் இருக்கும் டிஎச்சிபி தேடல் நிரல் இதே காரணத்துக்காகத்தான் நிலையான ஒரு மேக் முகவரியைப் பயன்படுத்துகிறது.

கிளையன்ட் பெறும் விவரங்களை எழுதிக்கொள்ளும் நிரல் பகுதியையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில், ஒன்றையும் எழுத வேண்டாம் என்று வெறுமையான நிரலைக் கொடுத்தேன். முகவரி வாங்கும் கட்டத்துக்கு அது போதும். கிளையன்ட் அப்போது ரா சாக்கெட்டில் பேசுகிறது. புதுப்பிக்கும் கட்டத்தில் அது சாதாரண சாக்கெட்டில், தன் முகவரியில் இருந்து பேச வேண்டும். இடைமுகத்தில் அந்த முகவரியே இல்லாவிட்டால் பாக்கெட் புறப்படவே முடியாது. அந்தத் தோல்வியை ஃபயர்வாலின் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருந்தால், திருத்திய விதியை மறுபடி கெடுத்திருப்பேன். ஆகவே முகவரியையும் வழியையும் மட்டும் அறைக்குள் வைக்கும் இரண்டு வரி நிரலை எழுதினேன். டிஎன்எஸ் அமைப்பைத் தொடவில்லை. நேம்ஸ்பேஸ் வலையைத்தான் பிரிக்கிறது, கோப்புகளை அல்ல. வழக்கமான நிரல் ஓடியிருந்தால் ரூட்டரின் டிஎன்எஸ் கோப்பை அறைக்குள் இருந்தபடியே அழித்து எழுதியிருக்கும்.

8 மணி நேரக் குத்தகையை உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால், அந்தச் சோதனை மேக் முகவரிக்கு மட்டும் குத்தகையைப் பத்து நிமிடமாக்கினேன். அப்போது புதுப்பித்தல் 5ஆம் நிமிடத்தில், கூவலுக்கு மாறுவது 8 நிமிடம் 45 விநாடியில். சனிக்கிழமை மாலை கிடங்கு அடைத்த பிறகு, ஃபயர்வால் விதியைத் திருத்தாமல் முதலில் ஓட்டினேன். ஒரு சோதனை நல்ல சோதனைதானா என்று அறிய, இருக்கிற பிழையை அது பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. 5ஆம் நிமிடம் புதுப்பிக்கக் கேட்டது, ஃபயர்வால் மறுத்தது. மீண்டும் கேட்டது, மறுத்தது. 8 நிமிடம் 45 விநாடி ஆனதும் 255.255.255.255க்குக் கூவியது, ரிலே எடுத்துக்கொண்டு போனது, சர்வர் ஒப்புதல் அளித்தது. மாதக்கணக்கில் கிடங்கில் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தது, பத்து நிமிடத்தில் என் திரையில் நடந்தது. பிறகு கிடங்கின் முழு வலையையும் 68ஆம் போர்ட்டில் இருந்து சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கு அனுமதித்து, மறுபடி ஓட்டினேன். 5ஆம் நிமிடம் கேட்டது. அதே விநாடியில் ஒப்புதல் வந்தது. அதை ஐந்து சுற்று பார்த்த பிறகே விட்டேன்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வேறு வழியும் இருக்கிறது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5107, ரிலே தன்னையே சர்வராகக் காட்டிக்கொள்ள இடமளிக்கிறது. அப்போது புதுப்பித்தலும் ரிலே வழியாகவே போகும். பெரிய நிறுவனங்களில் கடுமையான ஃபயர்வால்களுக்கு இடையே அது பயன்படும். எங்களுக்கு ஒரு வரி விதி போதும் என்று அதைத் தொடவில்லை. குத்தகையை 8 மணியில் இருந்து 3 நாளாக நீட்டிப்பதை மட்டும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தேன். ஸ்கேனர்கள் கிடங்கைவிட்டு எங்கும் போவதில்லை, தொகுப்பில் நூறு முகவரிகள் இருக்கின்றன, இறுக்கிப் பிடிக்கக் காரணமில்லை. ஒத்திவைத்ததற்குக் காரணம், 8 மணிக் குத்தகையிலேயே அக்காவின் கேள்விக்கு விடை காட்ட வேண்டும் என்று நினைத்ததுதான்.

ரூட்டருக்குள் நடக்கும் சோதனை எதைக் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். அது ரிலேயையும் சுரங்கத்தையும் ஃபயர்வாலையும் சர்வரையும் சோதிக்கிறது. கம்பியையும் ஸ்விட்சின் போர்ட்டையும் கம்பியில்லா அணுகுபுள்ளியையும் அது தொடுவதே இல்லை. வலையில் சுற்றுப்பாதை உருவாகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயல்பான அமைப்பில் இருக்கும் ஸ்விட்சில் புதிதாக உயிர்பெறும் போர்ட், பாக்கெட்டுகளைக் கடத்தத் தொடங்க 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் சில கருவிகள் முகவரி கேட்டு அலுத்துப்போய் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும். யாராவது வீட்டு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து தவறான துளையில் செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். ஆகவே ஒரு கூவலுக்கு எத்தனை பதில்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றுக்கு மேல் வந்தால் அன்றைய மற்ற வேலைகள் நிற்க வேண்டியதுதான். இவற்றுக்கெல்லாம் அங்கே ஒரு மனிதர் வேண்டும்.

எனவே திங்கட்கிழமை காலை அக்காவை அழைத்து, அன்று பிற்பகல் ஒரு சோதனை செய்யப் போவதாகவும், 4.40க்கு ஒரு முறை ஸ்கேனரைக் கையில் எடுத்தால் போதும் என்றும் சொன்னேன். 12.30 ஆனதும் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டேன். உலகப் பொது நேரம் 4.30இல் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள், ஒன்பது ஸ்கேனர்களும் வரிசையாகக் கேட்டு, வரிசையாக ஒப்புதல் பெற்றன. மறுப்பு ஒன்றுகூட இல்லை. 3.20 மணிக்கு, செந்தூல் ஃபயர்வாலில் கிடங்கின் டிஎச்சிபி போக்குவரத்தை மட்டும் முழுவதுமாக அடைத்தேன்; ரிலேயின் வழியையும் சேர்த்துத்தான். இணைப்பு அறுந்த அந்த நாளில் ஸ்கேனர்களின் நிலைமை எப்படி இருந்ததோ, டிஎச்சிபியைப் பொறுத்தவரை அப்படியே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஐந்து மணிக்குத் தடை தானாக நீங்கும்படி நேரமும் குறித்து வைத்தேன்.

4.30 கடந்தது. புதுப்பிக்கும் முறை மறுபடி வந்ததால் ஸ்கேனர்கள் கேட்டன, தடைபட்டன. ஆனால் அவற்றின் குத்தகை இரவு 8.30 வரை இருந்தது. 4.40க்கு அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். லாரியின் பின்கதவு திறக்கும் ஓசையும், யாரோ ஒரு பையனை அவர் கூப்பிடுவதும் கேட்டது. பிறகு அந்தச் சின்ன 'பீப்' ஓசை.

"சீரகம், இருபத்தஞ்சு கிலோ, கணக்குல ஏறிடுச்சு தம்பி," என்றார். "இன்னொண்ணும் அடிச்சுப் பாக்கவா?"

"பாருங்கக்கா," என்றேன்.